அன்னா அட்கின்ஸ் மாதிரி நீல அச்சில் கடற்பாசி: இது கைவேலைதானா? செய்து விற்கலாமா?

செங்காந்தள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தூத்துக்குடி. தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்தேன். இப்போது வீட்டிலிருந்தே செடிகளை வரைந்து, அச்சுப் போட்டு விற்கிறேன். வாழ்த்து அட்டை, காலண்டர், சுவரில் மாட்டும் படம் என்று ஓரளவு போகிறது.

கொஞ்ச நாளாக அன்னா அட்கின்ஸ் என்ற 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தாவரவியல்காரியின் பைத்தியம் பிடித்திருக்கிறது. நியூயார்க் பொது நூலகம் அவருடைய கடற்பாசிப் புத்தகத்தை இணையத்தில் போட்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கரு நீலத் தாளில் பாசி மட்டும் வெள்ளையாக, நரம்பு நரம்பாக நிற்கிறது. எங்கள் ஊர்க் கரையில் ஒதுங்கும் பாசிகளை அதே மாதிரி எடுத்து ஒரு வரிசை செய்ய வேண்டும் என்று ஆசை.

வீட்டில் மாமா பார்த்துவிட்டு, "செடியைத் தாளில் வைத்து வெயிலில் காட்டினால் அதுவே விழுந்துவிடும். ஜெராக்ஸ்தானே இது? இதில் உன் கைவேலை என்ன?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும், எனக்கும் வேண்டும். அப்புறம் பாசியை எப்படி உலர்த்துவது, மருந்தும் தாளும் எதை வாங்குவது, அட்கின்ஸின் படங்களையே அச்சடித்து விற்கிறார்களே அது சரியா, என்னுடையதை என்ன சொல்லி விற்பது என்று கேள்விகள் நிறைய இருக்கின்றன. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

அட்கின்ஸ் இறந்தது 1871-இல். காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. நல்ல தரத்தில் கோப்பு கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒன்று மாட்டியிருக்கிறோம். ஆனால் நீங்கள் சொல்வது வேறு வேலை. தூத்துக்குடிப் பாசி என்றால் நான் கண்டிப்பாக வாங்குவேன்.

பழைய ஹெர்பேரியம் எழுதியது:

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பாசியியல் வகுப்பு பல வருஷம் என் பொறுப்பில் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு மொட்டைமாடியில் இந்த நீல அச்சுதான் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாமா சொல்வதில் பாதி உண்மை. தாளில் உருவத்தைப் பதிப்பது வெயில்தான். ஆனால் எந்தச் செடி, அதன் எந்தப் பருவம், எந்தக் கிளை மேலே, எது கீழே, எதை நறுக்கி எடுப்பது என்பதை வெயில் முடிவு செய்யாது. அங்கேதான் அட்கின்ஸின் கை இருக்கிறது.

அவருக்கு வரையத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1799-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், டன்பிரிட்ஜில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். அப்பா ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் வேதியியலும் விலங்கியலும் தெரிந்தவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். லமார்க் எழுதிய சிப்பிகள் பற்றிய நூலை அப்பா ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1823-இல் அது வெளியானபோது இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்து கொடுத்தவர் மகள்தான். சிப்பியின் வரிகளை அத்தனை பொறுமையாக வரைந்த அதே பெண்தான் பாசிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார். இவ்வளவு நுண்ணிய செடிகளைத் துல்லியமாக வரைவது கடினம், அதனால்தான் விஞ்ஞானி ஹெர்ஷலின் அழகான முறையைக் கையாண்டேன் என்று தன் முன்னுரையிலேயே காரணம் எழுதியிருக்கிறார். அதாவது, வரையத் தெரிந்த ஒருவர் யோசித்து எடுத்த முடிவு இது. மாமாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

காலத்தையும் பாருங்கள். 1839-இல் லண்டன் தாவரவியல் கழகத்தில் உறுப்பினர் ஆகிறார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அறிவியல் கழகங்கள் அன்றைக்கு வெகு குறைவு. 1841-இல் வில்லியம் ஹார்வி பிரிட்டனின் பாசிகளைப் பற்றி ஒரு கையேடு கொண்டுவருகிறார், அதில் படமே இல்லை. 1842-இல் ஜான் ஹெர்ஷல் சயனோடைப் என்ற இந்த நீல அச்சு முறையைக் கண்டுபிடிக்கிறார். ஹெர்ஷல் அப்பாவுக்கு நண்பர், குடும்பத்துக்குத் தெரிந்தவர். 1843 அக்டோபரில் அட்கின்ஸின் முதல் பகுதி வந்துவிட்டது! ஹார்வியின் பெயர்களை வைத்துக்கொண்டு, அவர் புத்தகத்தில் இல்லாத படங்களைத் தருவதுதான் இவருடைய நோக்கம். புகைப்பட முன்னோடி டால்பட்டின் புகழ்பெற்ற புகைப்படப் புத்தகம் அடுத்த வருஷம்தான் வெளிவரத் தொடங்கியது. ஒளிப்படங்களால் ஆன முதல் புத்தகம் என்று இன்றைக்கு அட்கின்ஸின் பாசிப் புத்தகத்தைச் சொல்கிறார்கள். அதைச் செய்தவர் ஒரு தாவரவியல்காரி என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த வேலை 1853 வரை நீண்டது. முழுப் பிரதி என்றால் ஏறக்குறைய 400 தாள்கள். இதில் நெகட்டிவ் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளிலும் மருந்து பூசி, காய வைத்து, அதே உலர்ந்த பாசியை மறுபடி கிடத்தி, வெயிலில் காட்டி, அலச வேண்டும். தலைப்பு, முன்னுரை எல்லாம்கூடக் கையால் எழுதி இதே நீல முறையில் எடுத்ததுதான். இன்றைக்கு இருப்பதாகத் தெரிந்த பிரதிகள் இருபதுக்கும் குறைவு. முன்னுரையில் அவர் போட்டது 'ஏ.ஏ.' என்ற இரண்டே எழுத்து. பிற்காலத்தில் அதைப் பார்த்த ஒருவர், அது 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது பெயர் சொல்ல விரும்பாத ஏதோ ஓர் ஆர்வலர் என்று பொருள் கொண்டுவிட்டார். அவ்வளவு வேலை செய்தவருக்கு அது நியாயமே இல்லை.

இப்போது ஒரு தாளை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். டிக்டியோட்டா டைகோட்டோமா இருக்கும் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடலிலும் இருக்கிற இனம்தான். பழுப்பு நிறம், நாடா போன்ற உடல், ஒவ்வொரு நாடாவும் நுனியில் இரண்டாகப் பிரியும், பிரிந்தது மறுபடி இரண்டாகப் பிரியும். அட்கின்ஸ் ஒரே தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளை வைத்து, அடியில் இளம் நிலையும் காய்த்த நிலையும் என்று எழுதியிருக்கிறார். அலங்காரத்துக்குச் செய்பவர் அழகான ஒரே செடியை நடுவில் வைத்திருப்பார். இனம் காண வருகிறவருக்கு இரண்டு பருவமும் தேவை என்று தாவரவியல் படித்தவருக்குத்தான் தோன்றும். அந்தப் பக்கத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். நாடா ஒற்றையாக இருக்கும் இடம் வெளிர் நீலம், ஒன்றின் மேல் ஒன்று விழுந்த இடம் சுத்த வெள்ளை. பாசி உடல் எவ்வளவு மெல்லியது என்பதை அந்த நீலமே சொல்லிவிடுகிறது. பென்சிலில் இதைக் கொண்டுவர நான் முயன்றிருக்கிறேன். இவ்வளவு உண்மையாக வராது.

ஆக, நீங்கள் செய்யும்போது பற்றுறுப்பை, அதாவது பாசி பாறையைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பகுதியை, வெட்டிவிடாதீர்கள். படத்தை வாங்குகிறவர் அதை வேர் என்று நினைத்தாலும் பரவாயில்லை, அது தாளில் இருக்க வேண்டும். அடர்ந்த செடி என்றால் சில கிளைகளை எடுத்துவிடுங்கள், ஆனால் கிளை பிரியும் முறை கெடாமல் எடுங்கள். ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்ந்த செடிகளின் தொகுப்புக்கு, தாள் தயாரிக்கும்போது நாம் செய்வதுதான், புதிதாக ஒன்றும் இல்லை. படித்த படிப்பு இங்கேதான் காசாகிறது.

உலர்த்துவதைச் சொல்கிறேன். பாசியைக் காற்றில் காய வைத்தால் சுருண்டு குப்பையாகிவிடும். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்க விடுங்கள், தானாக விரியும். வழக்கமாக அடியில் தடித்த தாளை நுழைத்துத் தூக்குவோம். பாசியில் இருக்கும் வழவழப்பே பசை மாதிரி அதைத் தாளோடு ஒட்டிவிடும். அச்சுக்கு அது உதவாது, தாள் வெயிலை மறைக்கும். அதனால் ஓ.எச்.பி. ஷீட்டை, அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை, நுழைத்துத் தூக்குங்கள். ஈர்க்குச்சியால் கிளைகளைப் பிரித்து வையுங்கள். இந்த நிமிடங்களில்தான் படம் தீர்மானமாகிறது, அவசரப்படக் கூடாது. தண்ணீர் வடிந்ததும் மேலே பழைய மல் துணி, அதன் மேல் மை உறிஞ்சும் தாள் அல்லது செய்தித்தாள், பிறகு பளு. தாளைத் தினமும் மாற்றுங்கள். கடைசியில் துணியை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் பாசி ஷீட்டிலேயே நிற்கும். இப்படி ஒரு ஷீட் தயாரானால் எத்தனையோ அச்சு எடுக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே அனுமதி இல்லாமல் போகவே கூடாது. உயிரோடு பாறையில் இருப்பதைப் பிடுங்கவும் வேண்டாம். அலை ஒதுக்குவதே நமக்குத் தாராளம்.

மருந்து விஷயம் இருட்டறைதான் சொல்ல வேண்டும். அவர் வருவார்.

இருட்டறை எழுதியது:

வந்துவிட்டேன் அம்மா. ஸ்டுடியோ வைத்திருந்தேன், பிலிம் கழுவிய கை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேண்டியது இரண்டு ரசாயனம். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பச்சை நிறத்தில் இருப்பது. இரும்புச்சத்து டானிக்கில் போடுகிற அதே உப்பு, ஆனால் ரசாயனக் கடையில் தூளாக வாங்குங்கள். இன்னொன்று பொட்டாசியம் பெர்ரிசயனைடு. கடையில் பெர்ரோசயனைடு என்று ஒன்றும் இருக்கும், பெயர் ஒரே எழுத்தில்தான் வித்தியாசம். பெர்ரோ மஞ்சள் படிகம், அது நமக்கு வேண்டாம். பெர்ரி சிவப்புப் படிகம், அதுதான் வேண்டும். சீட்டில் எழுதிக் காட்டி, நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். பெர்ரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மி.லி.யில் கரையுங்கள். வாலை வடிநீர் நல்லது. தனித்தனி பழுப்புப் பாட்டிலில் இருட்டில் வைத்தால் நாள்படத் தாங்கும். சிட்ரேட் கரைசலில் பூஞ்சை பிடிக்கும், வடிகட்டிக்கொள்ளலாம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் சரிபாதியாகக் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் தாளில் பூசுங்கள். இரும்புப் பிடி உள்ள பிரஷ் ஆகாது. குண்டு பல்பு வெளிச்சத்தில் பூசி, இருட்டில் காய வையுங்கள். தூத்துக்குடி ஈரக்காற்றில் சீக்கிரம் காயாது. ஈரம் இருக்கும்போதே வெயிலில் வைத்தால் திட்டுத் திட்டாக வரும். மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காயட்டும், அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

என்ன நடக்கிறது என்றால், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறி, பெர்ரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. அது தண்ணீரில் கரையாது. செடி மறைத்த இடத்தில் மருந்து அப்படியே இருக்கும், அலசினால் போய்விடும். நம் அப்பா காலத்துப் பொறியாளர்கள் ப்ளூ பிரிண்ட் என்று சுருட்டிக்கொண்டு அலைந்த தாளும் இதே முறையில் வந்ததுதான்.

தாளின் மேல் அம்மா சொன்ன ஷீட், அதன் மேல் சாதாரணக் கண்ணாடி, ஓரத்தில் கிளிப். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக்கை வைத்தால் மணிக்கணக்கில் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. பாசியைச் சுற்றியுள்ள இடம் மஞ்சள் பச்சையிலிருந்து நீலமாகி, அப்புறம் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகும். அந்தச் சாம்பல் வந்ததும் எடுங்கள். உச்சி வெயிலில் சில நிமிடங்கள் போதும், மேகம் என்றால் இரண்டு மூன்று மடங்கு. முதலில் சின்னத் துண்டுகளில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் கிணற்று நீரா, ஆழ்துளைக் குழாய் நீரா? காரத்தன்மை உள்ள தண்ணீர் இந்த நீலத்தை அரித்துவிடும். முதல் அலசலில் ஒரு தட்டுத் தண்ணீருக்குக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் நிற்கும். பிறகு மஞ்சள் முற்றிலும் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். காயக் காய, ஒரு நாளில் நிறம் இன்னும் ஆழமாகும். தாள் விஷயத்திலும் இதே கதைதான். சுண்ணாம்பு சேர்த்த, 'ஆசிட் ஃப்ரீ, பஃபர்ட்' என்று விற்கும் தாள்கள் மற்ற படங்களுக்கு நல்லது, சயனோடைப்புக்கு எதிரி. காரம் சேர்க்காத முழுப் பருத்தித் தாளாகக் கேட்டு வாங்குங்கள். படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டைக்கும் இதே விதி.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் மாதிரி வீரியமான அமிலம் எதுவும் பெர்ரிசயனைடு பக்கத்திலேயே வரக் கூடாது, விஷவாயு உண்டாகலாம். எலுமிச்சை அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செங்காந்தள் எழுதியது:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மாமாவிடம் சிப்பிப் படங்களைக் காட்டினேன். நூலகப் பக்கத்தைத் தானே வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "சரி, இது வேறதான்" என்றார்.

அம்மா, ஒரு சந்தேகம். விற்பனைக்கு என்று யோசித்தால், இரண்டு மூன்று பாசிகளை வளையம் மாதிரி அடுக்கத் தோன்றுகிறது. கேட்பவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். அப்படிச் செய்தால் அது தாவரவியல் இல்லாமல் போய்விடுமா? சுவரில் மாட்டினால் வெளுக்குமா என்றும் வாங்குகிறவர்கள் கேட்பார்கள். விலையை எப்படி வைப்பது?

பழைய ஹெர்பேரியம் எழுதியது:

தாராளமாக அடுக்குங்கள். அட்கின்ஸும் ஒரே மாதிரி நின்றுவிடவில்லை. அப்பா 1852-இல் இறந்த பிறகு, சிறுவயதிலிருந்து சகோதரி போல இருந்த தோழி ஆன் டிக்ஸன் வந்து கூட இருந்தார். இருவரும் சேர்ந்து 1853-இல் பெரணிகளையும், 1854-இல் பூச்செடிகளையும் பெரணிகளையும் தொகுப்பாகச் செய்தார்கள். பறவை இறகுகளையும்கூட இப்படி எடுத்திருக்கிறார்கள். பாசிப் புத்தகத்தில் இருக்கும் கட்டுப்பாடு அங்கே இல்லை. பெரணி ஓலை தாளை மூலைக்கு மூலை நிரப்பிக்கொண்டு கிடக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். நான் பார்த்தவரை அவை படமாகவே யோசித்துச் செய்தவை. ஒருவருக்கே இரண்டு கையும் உண்டு.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், வளையத்தைவிட ஒரு தாளில் ஒரே இனத்தைத்தான் நான் வாங்குவேன். ஆனால் எப்படி அடுக்கினாலும் பெயரை விட்டுவிடாதீர்கள். இனப்பெயர், எடுத்த கரை, தேதி. அட்கின்ஸ் லத்தீன் பெயரைப் படத்தோடு படமாக நீலத்திலேயே எடுத்தார். நீங்களும் ஓ.எச்.பி. ஷீட்டில் கறுப்பு மார்க்கரால் எழுதி அப்படியே எடுக்கலாம், எழுத்து வெள்ளையாக வரும். கீழே தமிழிலும் எழுதுங்கள். கரையில் பாசி பொறுக்குகிற பெண்களிடம் அவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெயரையும் சேருங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர்கள் அவர்களிடம் இருக்கின்றன. இப்படி ஒரு வரிசை வந்தால் எங்கள் கல்லூரி ஆய்வகச் சுவரிலேயே மாட்டச் சொல்வேன்.

இனம் உறுதியாகத் தெரியவில்லையா, பேரினத்தோடு நிறுத்துங்கள். சர்காசம், கௌலர்ப்பா, உல்வா என்று எழுதினாலே போதும். தப்பான பெயரோடு ஒரு படம் பத்து வீட்டுக்குப் போவதைவிட அது மேல்.

வெளுப்பது பற்றி இருட்டறையும் சொல்லலாம். எனக்குத் தெரிந்தது இது: நேர் வெயில் படும் சுவரில் கொஞ்சம் வெளுக்கும். ஆனால் இருட்டில் எடுத்து வைத்தால் காற்று பட்டுப் பெருமளவு பழைய நிறம் திரும்பிவிடும். இந்த நீலத்துக்கே உள்ள குணம் அது. வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம், புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் நேரடியாகச் சாய்க்க வேண்டாம், சோப்புத் தண்ணீர் படவே கூடாது என்று ஒரு சின்னச் சீட்டு எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

விலையில் நான் கெட்டிக்காரி இல்லை, ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். உங்கள் கையால் பூசி வெயிலில் எடுத்த தாளும், அதை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் போட்ட பிரதியும் ஒரே பொருள் இல்லை. முதலாவது ஒவ்வொன்றும் தனி. பிரஷ் போன தடமும் நீலத்தின் அடர்த்தியும் அடுத்த தாளில் அப்படியே வராது. அதற்கு எண் போட்டு, கையெழுத்துப் போட்டு, நல்ல விலை வையுங்கள். இரண்டாவதற்கு 'பிரதி' என்று தெளிவாக எழுதி, வாழ்த்து அட்டை விலையில் கொடுங்கள். அட்கின்ஸின் படத்தை அச்சடித்து விற்பவர்களும் இதைச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் பெயரைக்கூடப் போடாமல் 'நீல இலை, சுவர் அலங்காரம்' என்று விற்பவர்களைப் பார்த்தால்தான் மனம் பொறுக்கவில்லை.

நெய்தல் எழுதியது:

முதல் சர்காசம் எனக்கு. இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பழைய ஹெர்பேரியம் எழுதியது:

செங்காந்தள், முதல் அச்சு வந்ததும் இங்கே போடுங்கள். பெயரில் சந்தேகம் இருந்தால் அலசிய தாளை மட்டும் போடாமல், பச்சைப் பாசியாக இருக்கும்போதே பற்றுறுப்பையும் கிளை நுனியையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துச் சேர்த்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.